வாச்சாத்தி பெண்களின் நீதிப் போராட்டம்

வாச்சாத்தி, தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். ஏற்காடு ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழ்வோரும் இதே இனத்தவரே.

1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என 269 பேர் ஊருக்குள் நுழைந்தனர். மக்களை ஓரிடத்தில் கூட்டி வைத்து அடித்தனர். மறைத்து வைத்த கட்டைகளைக் காட்டும்படி 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துச் சென்று பாலியல் வன்கொடுமை செய்தனர். அவர்களில் ஒருவர் 13 வயதுப் பள்ளி மாணவி. பின்னர் அரூர் வன அலுவலகத்தில் அடைத்து, சேலம் சிறைக்கு அனுப்பினர். வீடுகள் சூறையாடப்பட்டன. தப்பியவர்கள் காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தனர்.

புகார் கொடுக்க இவர்கள் எங்கே போவார்கள்? காவலரும் குற்றவாளிகளின் பக்கம், வருவாய் அலுவலரும் அதே பக்கம். ஊடகங்களுக்குச் செய்தி எட்டவே சில வாரங்கள் ஆயின. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் ஊருக்குச் சென்று விசாரித்து இதை வெளிக்கொண்டு வந்தனர். ஜனநாயக மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் பெண்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். வன்கொடுமைக்கு ஆளான பெண் வாய் திறந்தால் பழி அவள்மீதே விழும் என்ற அச்சம் இருந்த காலத்தில் அவர்கள் பேச முன்வந்ததே பெரிய துணிவு. அரசோ எல்லாவற்றையும் மறுத்தது. தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கைதான் அந்த மறுப்பை உடைத்தது.

மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சிபிஐ விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது 1995இல்தான். காவலில் நிகழும் வன்கொடுமைக்குத் தனித் தண்டனைப் பிரிவு 1983இல்தான் வந்தது. மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்ததை எதிர்த்து நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் போராடியதன் பலன் அது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வாச்சாத்தி வழக்கில் பயன்பட்டது.

விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எதிரே நின்றவர்களில் இந்திய வனப்பணி அதிகாரிகளும் உண்டு. ஆனாலும் பெண்கள் சாட்சிக்கூண்டில் நின்றனர், பின்வாங்கவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 269 பேரில் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களில் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே சென்று இடங்களைப் பார்வையிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார். அந்தப் பெண்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டதால் அவர்களுக்கான தொகை குடும்பத்தாருக்கு உரியதாயிற்று.