காத்திருப்புக் கூடமும் காற்றும்: அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தொற்றுத் தடுப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆரணி வட்டத்தில் பட்டு நெசவால் அறியப்படும் கண்ணமங்கலம், வேலூரையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் சாலையில் அமைந்துள்ளது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் இவ்வூருக்கு அண்மையிலுள்ள பெருமருத்துவமனைகள் வேலூர்ப் பக்கத்திலேயே உள்ளன. ஒன்று, 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கி, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம். மற்றொன்று, இதே சாலையில் அடுக்கம்பாறையில் 2005இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. இத்தகைய பெருமருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் பல ஊர் நோயாளிகளும் உடன்வந்தோரும் ஒரே கூரையின்கீழ்க் காத்திருக்கின்றனர். அக்காத்திருப்பில் தொற்று பரவுவதைத் தடுப்பது குறித்து, தமிழகத்தின் காசநோய் வரலாறு தரும் படிப்பினையை இக்கட்டுரை ஆராய்கிறது.

விலக்கி வைத்தல் என்னும் முறை

மருந்தில்லாக் காலத்தில் காசநோய்க்கு இருந்த வழி, நோயாளியை ஊரிலிருந்து அகற்றி, நல்ல காற்றும் ஓய்வும் உணவும் தருவதே. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் இம்முறையின் தமிழகச் சான்று. அப்பகுதியின் ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இம்முறைக்கு இரு நோக்கங்கள் இருந்தன: நோயாளியைத் தேற்றுதல், பிறரைக் காத்தல். ஆனால் மாதக்கணக்கில் தறியையோ கழனியையோ விட்டுவிட்டுப் படுக்கையில் இருக்க இயலாதவர்க்கு இவ்வழி எட்டாததாகவே இருந்தது.

சென்னை ஆய்வின் திருப்பம்

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை அதில் இணைந்து செயற்பட்டன. வாலஸ் ஃபாக்ஸ் முதலானோர் நடத்திய முதல் ஆய்வில் 193 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் சானடோரியத்திலும், மறு குழுவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலுமாக ஓராண்டு மருந்து உட்கொண்டனர். 1959இல் முடிவுகள் வெளியாயின. வீட்டுச் சிகிச்சையின் பயன் சானடோரியச் சிகிச்சையின் பயனுக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது. வீட்டிலிருந்த குடும்பத்தினருக்குக் கூடுதல் தொற்று ஆபத்து ஏற்படவில்லை.

சானடோரியக் காலம் முடிவுக்கு வர இவ்வாய்வு காரணமானது என்பது பலரும் கூறுவதே. அதில் பொதிந்துள்ள மற்றொரு கருத்து போதிய கவனம் பெறவில்லை. மருந்து உட்கொள்ளும் நோயாளி பெரும் ஆபத்தானவர் அல்லர் எனில், ஆபத்தானவர் யார்? நோய் கண்டறியப்படுவதற்கு முன், யாரும் அறியாமல் பிறருடன் அமர்ந்திருப்பவரே. அதே காலகட்டத்தில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய்ப் படுக்கைக்கூடத்தின் காற்றைக் கினிப் பன்றிகளின் அறைக்குள் செலுத்திச் சோதித்தனர். நோய் காற்றில் பரவுவதும், சிகிச்சை பெறாதோரிடமிருந்து மிகுதியாகப் பரவுவதும் அச்சோதனையில் புலனாயின.

அறியப்படாத நோயாளியின் இடம்

சானடோரியம் அறியப்பட்ட நோயாளியின் இடம். அவசரப் பிரிவோ அறியப்படாத நோயாளியின் இடம். 2015இல் தென்கொரியாவில் பரவிய மெர்ஸ் நோய் இதனை மெய்ப்பித்தது. சியோலில் உள்ள சாம்சங் மருத்துவமனையின் நெரிசலான அவசரப் பிரிவில், மே 27 முதல் 29 வரை, நோய் இன்னதென்று அறியப்படாத ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அவர்களுள் நோயாளிகள் 33 பேர், மருத்துவமனைப் பணியாளர் 8 பேர், பார்வையாளர் 41 பேர். சரிபாதியினர் நோயாளிகளுக்குத் துணையாகவோ அவர்களைக் காணவோ வந்தவர்கள். நோயாளியுடன் குடும்பமே திரண்டு வரும் நம் சூழலில் இவ்வெண் எண்ணத்தக்கது.

பணியாளரின் நிலையும் கவலைக்குரியது. வேலூர் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியச் செவிலிய மாணவரிடையே ஆண்டுதோறும் காசநோய்த் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. பொதுமக்களிடையே அது ஏறத்தாழ 1.5 விழுக்காடு.

வாயிலில் பிரித்தல்

2010இல் இந்திய அரசு வெளியிட்ட காற்றுவழித் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி எளிய முறைகளை முன்வைத்தது. இருமுவோரை வந்தவுடன் அடையாளம் காணுதல், தனியே அமர்த்துதல், விரைந்து பார்த்து அனுப்புதல், சாளரங்களால் காற்றோட்டம் பேணுதல் ஆகியவை அவை. 2003இல் சார்ஸ் பரவியபோது ஹனோய் நகரின் பாக் மாய் மருத்துவமனை, பெரிய சாளரங்களைத் திறந்துவைத்து நோயாளிகளைப் பேணியது. அங்குப் பணியாளர் எவருக்கும் தொற்றவில்லை.

தமிழக அவசரப் பிரிவுகளில் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். உயிர்காக்கும் இம்முறை இன்றியமையாதது. ஆயினும் இவ்வண்ணங்கள் குறிப்பது உயிருக்குள்ள ஆபத்தையே. பிறருக்குத் தொற்றும் ஆபத்தை அன்று. பல வாரங்களாக இருமிக்கொண்டு நடந்தே வருபவர் பச்சைப் பிரிவில் சேர்வார்; நெடுநேரம் காத்திருப்பவரும் அவரே. இவ்வாறு, மிகுதியாகத் தொற்றக்கூடியவர் மிகுந்த நேரம் கூட்டத்தில் அமரும் நிலை உருவாகிறது.

2021 மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றபோது, வருவோரை உடனே ஏற்றுச் சிகிச்சை தொடங்குவதற்கெனத் தனிப்பகுதி அமைக்கப்பட்டது. வாயிலில் மாற்றம் செய்வது நெருக்கடியிலும் இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

தொற்றுத் தடுப்பு வரலாற்றில் தமிழகத்தின் பங்களிப்பு, நோயாளியை விலக்கி வைப்பதிலிருந்து அவரை விரைந்து கண்டறிவதற்குக் கவனத்தைத் திருப்பியதாகும். அப்படிப்பினை நோயாளியின் வீட்டை மாற்றியது. மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தை இன்னும் முழுமையாக எட்டவில்லை. எனவே வண்ண வகைப்பாட்டுடன் ‘இருமல் உண்டா, எத்தனை நாளாக?’ என்னும் வினாவும், இருமுவோர்க்கெனக் காற்றோட்டமுள்ள தனி இருக்கையும், உடன்வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் அமைதல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கண்ணமங்கலத்திலிருந்து காலொடிந்து வருபவர், காசநோய்த் தொற்றுடன் ஊர் திரும்பாதிருக்க இவை குறைந்தபட்சத் தேவைகளாகும்.