மூன்று முகவரி, ஒரு கம்ப்யூட்டர்

மொட்டை மாடிக் கசிவைப் பற்றிப் போன பொதுக்குழுவில் பேசினோம், நினைவிருக்கும். 2016-ல் வாட்டர்ப்ரூஃபிங் செய்தவர் பத்து வருட கேரண்டியை மெயிலில் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது அதைக் காட்டச் சொல்கிறார். நம்மிடம் இல்லை. தொலைத்தவன் அன்று பொருளாளராக இருந்த நான்தான். எப்படி என்று சொல்ல முப்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. மெட்ராஸ்காரர்களின் மெயில் முகவரியில் 'ஜியாஸ்எம்டி01' என்று வரும். எம்டி என்றால் மெட்ராஸ். மறு வருடம் ஊர் சென்னை ஆயிற்று, முகவரி மட்டும் மெட்ராஸாகவே இருந்தது. எழுத்து மட்டுமில்லாமல் படங்களும் வரும் கணக்கு என்றால் சந்தா 15,000 ரூபாய். போன் பில் தனி. அதனால் டயல் செய்து, மெயிலை இறக்கி, லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதே வழக்கம். அதற்கு ஏற்ற முறை 'பாப்'. மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், சர்வரில் அழிந்துவிடும்.

அந்தக் காலத்தில் பலர் வைத்திருந்த மெயில் புரோகிராம் யூடோரா. 1988-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதியது. தபால் ஆபீசில் குடியிருக்கும் பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்டியின் பெயரை வைத்தார். ஒருவருக்கே பல முகவரிகள் வந்தபோது, ஒவ்வொன்றையும் அது 'பர்சனாலிட்டி' என்று அழைத்தது. ஒரே ஆளுக்கு நாலு பர்சனாலிட்டி! என் மனைவிக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொரு முறையும் இருந்தது. 1986-லேயே ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்'. பேங்க் பாஷையில் சொன்னால், பாப் என்பது லெட்ஜரையே வீட்டுக்கு எடுத்துப் போவது. ஐமேப்பில் லெட்ஜர் கிளையிலேயே இருக்கும், நீங்கள் எங்கிருந்தும் பார்க்கலாம். ஆனால் நிமிடத்துக்குக் காசு எண்ணிய நாளில் அது யாருக்குக் கட்டுப்படியாகும்? ஜிமெயிலே 2007-ல்தான் ஐமேப் கொடுத்தது.

நான் பழைய ஆள். சங்கத்தின் மூன்று முகவரிகளையும் (செயலாளர், பொருளாளர், புகார்) ஆபீஸ் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டில் போட்டபோது, பழக்கதோஷத்தில் பாப் என்றே வைத்தேன். 'சர்வரில் பிரதி இருக்கட்டும்' என்ற டிக்கையும் இடம் நிரம்பிவிடுமே என்று நானே எடுத்தேன். 2021-ல் ஹார்ட் டிஸ்க் போயிற்று. சர்வரில் போய்ப் பார்த்தால் மூன்று பெட்டியும் காலி.

இப்போது மூன்றையும் ஐமேப்பில் மாற்றியாகிவிட்டது. ஆபீசில் உட்காருபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: இதில் இங்கே அழித்தால் சர்வரிலும் அழியும். முக்கியக் கடிதங்களைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைக்கிறோம்.

அந்த கேரண்டி மெயிலின் நகல் 2016 கமிட்டி உறுப்பினர்கள் எல்லோருக்கும் போனது. தயவுசெய்து உங்கள் பழைய மெயிலில் 'வாட்டர்ப்ரூஃபிங்' என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் செயலாளர் முகவரிக்கு அனுப்புங்கள். ஐப்பசி மழைக்குள் கிடைத்தால் நல்லது.