கட்டுச்சோறும் வழிநடையும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பள்ளிக் கல்வியின் மறைசெலவு

கட்டணமின்றி அளிக்கப்படும் கல்வி செலவின்றியும் கிடைப்பதாகக் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்துமாறில்லை. பள்ளி செல்லும் சிறுவனுக்கு நண்பகலில் ஒருவேளைச் சோறு வேண்டும். பள்ளி தொலைவிலிருப்பின் வழிச்செலவும் வேண்டும். ஏழைக் குடும்பத்தின்மேல் விழும் இச்செலவுகளைத் தமிழகத்தில் பொதுநிதி படிப்படியாக ஏற்றுக்கொண்ட வரலாற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இந்நிலப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. காவிரிக் கழிமுகத்து ஊர்கள் பெரும்பாலும் நெருங்கிய தெருக்களை உடையன. கொங்குநாட்டைச் சார்ந்த இச்சமவெளியிலோ, கிணற்றுப் பாசனம் பற்றி, வேளாண் குடிகள் தத்தம் தோட்டத்திலேயே சாளை அமைத்துத் தனித்து வாழும் வழக்கம் மிகுதி. தெருவில் வாழும் பிள்ளை நண்பகல் மணியடித்ததும் வீட்டிற்கு ஓடி உண்டு மீளலாம். தோட்டத்துச் சாளைப் பிள்ளைக்கு அஃது இயலாது. காலையிலேயே தூக்குப்போசியில் சோறு கொண்டு சேறல் வேண்டும். விடியலில் உலை ஏறாத வீட்டிற்கு அன்று பள்ளியும் இல்லை. இவ்வாறு இங்கே உணவுச் செலவு தொலைவிலிருந்தே பிறக்கின்றது. நெசவுக் குடும்பங்களுக்கு வேறோர் இழப்பும் உண்டு. தார் சுற்றும் பிள்ளை பள்ளிக்குச் சென்றால் தறிக்கு ஒரு கை குறைந்தது.

கற்பாரின் உணவைக் கல்விச் செலவாகவே கொள்ளுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணாக்கர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லைக் கூறி, அவ்வறத்திற்கென நிலமும் விடுத்தமையைக் குறிக்கின்றது. அது வேதம் முதலியன பயின்றார்க்கே உரியதாயிருந்தது என்பதை மறத்தல் ஆகாது. ஆயினும் ஆண்டுதோறும் பிறர் கையை எதிர்பாராமல் நிலைத்த முதலின்மேல் அதனை அமைத்தார்கள் என்பது நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தியாகும்.

இக்காலத்து முயற்சி சென்னையில் தொடங்கிற்று. பி. தியாகராயர் தலைவராயிருந்த மாநகராட்சி மன்றம், ஆயிரம்விளக்குப் பள்ளி மாணாக்கர்க்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பர் 16இல் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது பரவியது. அவ்வைந்து பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணாக்கர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், 1925 ஏப்ரல் 1இல் சிற்றுண்டி நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்தல் கூடாதென அரசு தடுத்தமையே காரணம். உணவு கல்வியின் பகுதியன்று என்பதே அம்முடிபின் பொருள். 1927இல் 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணாக்கர்க்கு மீண்டும் தொடங்கினார்கள் எனினும், இடையில் நின்ற பிள்ளைகள் எத்துணையர் மீண்டிருப்பர்!

சேலத்து வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது 1953ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவரும், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியவருமான இராசாசி, முதலமைச்சராக இருந்து, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் மாணாக்கர் நாளொன்றுக்கு மூன்று மணிநேரமே பயிலும் திட்டத்தைக் கொணர்ந்தார். எஞ்சிய பொழுது குடும்பத் தொழிலுக்கு உரியது. குலத்தொழிலைப் பிள்ளைமேல் சுமத்துவதென எழுந்த எதிர்ப்பு யாவரும் அறிந்ததே. பிறர் அதிகம் கருதாத ஒன்றை யாம் ஈண்டுச் சுட்ட விழைகின்றோம்: அரைநாட் பள்ளிக்கு நண்பகலுணவு வேண்டுவதில்லை. தறிக்குக் குறைந்த கையும் மீண்டும் கிடைக்கின்றது. ஏழையின் மறைசெலவை இத்திட்டமும் நீக்கியதுதான். ஆனால் பள்ளியில் பாதியைக் குறைத்து நீக்கியது.

1954இல் ஆட்சியேற்ற காமராசர் அதனைக் கைவிட்டு, முழுநாட் பள்ளியை நிறுத்திச் சோற்றை அங்கே கொண்டுவந்தார். நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து 1956இல் நடைமுறைப்படுத்திய பகலுணவுத் திட்டத்தில், பின்னர் ஓருணவிற்கு 10 காசு எனக் கணக்கிட்டு, அரசு 6 காசும் ஊரார் 4 காசும் ஏற்றனர். ஊராரின் பங்கு போற்றத்தக்கதே. எனினும் மழை பொய்க்கும் வானம்பார்த்த பூமியில் அந்நான்கு காசு எவ்வாண்டும் தவறாது வரும் எனல் இயலுமோ? 1982 சூலை 1இல் எம். ஜி. இராமச்சந்திரன் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இப்பொறுப்பை அரசின்மேல் வைத்தது. 2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம் சமைத்த உணவை நாடெங்கும் வழங்க ஆணையிட்டபின் அது மாணாக்கரின் உரிமையாயிற்று.

1989இல் இரு கிழமைக்கு ஒன்றாகத் தட்டில் ஏறிய முட்டை, 2010இல் கிழமைக்கு ஐந்தாக உயர்ந்தது. 1997இல் சேலத்தினின்று பிரிந்த நாமக்கல் மாவட்டம் இன்று முட்டைக்குப் பெயர்பெற்றது. நீரற்ற இவ்வறள்நிலம் பிற மாவட்டத்துப் பிள்ளைகளையும் ஊட்டும் என முன்னோர் எண்ணியிருக்கமாட்டார்.

வழிச்செலவின் வரலாறு இத்துணைத் தெளிவாக அமையவில்லை. காமராசர் காலத்தில் பள்ளியையே அருகில் கொணர முயன்றனர். 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் தோன்றியபின் அரசுப் பேருந்து இப்பகுதியில் பெருகியது. பின்னாளில் மாணாக்கர்க்குக் கட்டணமில்லாப் பயணச் சலுகையும் கிடைத்தது. பேருந்து தார்ச்சாலையோடு நிற்கும். அதற்கப்பால் தோட்டத்துச் சாளைவரை நடையே. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கும், 2005-06 முதல் ஏனையோர்க்கும் வழங்கப்பெற்ற மிதிவண்டி அவ்விடைவெளிக்குப் பொருத்தமான ஊர்தி. ஆனால் அது மேனிலை வகுப்பு எய்தியவர்க்கே உரியது.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகத்து 25இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலையுணவுத் திட்டம், முதல் வகுப்பு முதல் 5ஆம் வகுப்புவரை பயில்வார்க்கென அமைந்தது. இவ்விரண்டனையும் அருகில் வைத்து நோக்குக. 6ஆம் வகுப்பில் சேரும் பிள்ளை பெரும்பாலும் ஊர்ப்பள்ளியை விட்டு நெடுந்தொலைவு சென்று பயில்வதால் முன்னினும் வைகறையில் புறப்படுகின்றது. அவ்வகுப்பிலேயே காலையுணவு நின்றுவிடுகின்றது. மிதிவண்டிக்கோ இன்னும் ஐந்தாண்டு உண்டு.