பக்கவாத மறுவாழ்வில் காந்தத் தூண்டல்

தலையைத் திறக்காமல், ஓர் ஊசிகூடக் குத்தாமல், காந்தப்புலத்தைக் கொண்டு மூளை நரம்பணுக்களைத் தூண்டும் முறைக்கு மருத்துவமனைகளில் டி.எம்.எஸ். என்று பெயர். மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்காவில் 2008இலேயே அனுமதி பெற்றுவிட்டது. பக்கவாதத்தில் விழுந்த கையை இது மீட்டுத் தருமா என்ற ஆராய்ச்சி இருபது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். இங்கே கடத்தி, மூளைத் திசு. 1980இல் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மண்டை வழியாக மின்சாரத்தையே செலுத்திக் கையை அசைத்துக் காட்டினார்கள். பலித்தது, ஆனால் வலி கடுமை. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு அதையே காந்தச் சுருளால் வலியில்லாமல் செய்தது. மின்சாரத்துக்குப் பெருந்தடையாக நிற்கும் மண்டையோடு, காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை.

நோயாளி நாற்காலியில் சாய்ந்திருப்பார், காதுகளில் அடைப்பான். எட்டு வடிவச் சுருளைத் தலைமேல் வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்துவார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக்’ என்று சத்தம். சரியான இடம் அகப்பட்டதும் எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். பத்துத் துடிப்புகளில் ஐந்துக்காவது தசை பதில் சொல்லும் மிகக் குறைந்த வலிமை எதுவோ, அதை வைத்தே அவருக்கான அளவு முடிவாகும். புலத்தின் வலிமை எம்.ஆர்.ஐ. கருவிக்கு நிகராக 1.5 முதல் 2 டெஸ்லா வரை போகும். ஆனால் நீடிப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டும் ஆழம் சுமார் 2 முதல் 3 செ.மீ.

நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகம் மூளைப் புறணியின் கிளர்ச்சியைத் தணிக்கும். ஐந்துக்கு மேல் போனால் கூட்டும். மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு தராசுத் தட்டுகளைப்போல் நிற்பவை. ஒரு பாதி அடிபட்டால் நல்ல பாதியின் கை ஓங்கி, நலிந்ததை மேலும் அழுத்துகிறது என்பது கொள்கை. ஆகவே நல்ல பாதியை மெதுவான துடிப்பால் அடக்குவது, அல்லது அடிபட்ட பாதியை வேகமான துடிப்பால் எழுப்புவது என இரண்டு வழிகள். விளைவு அரை மணி, ஒரு மணி நேரம்தான் தங்கும். அதனால் துடிப்பு முடிந்த கையோடு பிசியோதெரபி தொடங்கிவிடும்.

கொள்கை கேட்க அழகுதான். அமெரிக்காவில் 12 மையங்களில் 199 பேரிடம் நடந்த ‘நிச்சே’ ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதங்கள் ஆனவர்களின் நல்ல பாதிக்கு மெதுவான துடிப்பு, பிறகு கைப்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 67 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். போலித் துடிப்பு பெற்றவர்களிலோ 65 சதவீதம்! பயிற்சியே பெரும்பாலான வேலையைச் செய்துவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் 2020இல் வெளிவந்த ஐரோப்பிய நிபுணர் குழுவின் மதிப்பீடு, தொடக்கக் கட்டம் கடந்த முதல் சில மாதங்களில் இதே முறை கைக்குப் பயன் தருகிறது என்று மிக உயர்ந்த தரச்சான்றை அளித்தது. நாள்பட்ட நிலைக்கு அந்தத் தரத்தைத் தரவில்லை.

காலம் மட்டுமே காரணமல்ல. அடிபட்ட பாதியின் நரம்புப் பாதை பெருமளவு அழிந்தவருக்கு நல்ல பாதிதான் கைகொடுக்கிறது என்ற கருத்து 2014 முதல் வலுத்திருக்கிறது. அவரிடம் அதை அடக்குவது இருந்ததையும் கெடுக்கும்.

இத்தாலியில் ஜியாகோமோ கோச் குழு வேறு திசையில் போனது. கையை விட்டுவிட்டுச் சிறுமூளையைத் தூண்டி, மூன்று வார நடைப்பயிற்சியுடன் சேர்த்தபோது சமநிலையும் நடையும் தேறின. முடிவு 2019இல் வெளியானது. பங்கேற்றவர்கள் நாற்பதுக்கும் குறைவு.

சிகிச்சையைவிடக் கணிப்பில்தான் இந்தச் சுருள் இதுவரை உறுதியாக உழைத்திருக்கிறது என்று சொல்லலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு உருவாக்கிய ‘பிரெப்2’ முறையில், பக்கவாதம் வந்த மூன்று நாள்களுக்குள் தோளைத் தூக்கவும் விரலை நீட்டவும் சொல்வார்கள். பலம் மிகக் குறைவாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் காந்தத் துடிப்பு. மணிக்கட்டுத் தசை இம்மியளவு பதில் சொன்னாலும் பாதை உயிரோடிருக்கிறது என்று பொருள். மூன்று மாதம் கழித்துக் கை எப்படியிருக்கும் என்பதை ஏறத்தாழ நான்கில் மூன்று பேரிடம் சரியாகச் சொல்ல முடிகிறது.

தலைக்குள் உலோகக் கிளிப்போ காது உள்வைப்புக் கருவியோ உள்ளவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. தலைவலி சிலருக்கு வரும், வலிப்பு அரிது. ஆனால் பக்கவாதமே வலிப்புக்கு இடம் தரும் நோய் என்பதால், துடிப்பு தொடங்குமுன் முன்பு வலிப்பு வந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள்.