கட்டபொம்மனைத் தெரியும், கோபால் நாயக்கரைத் தெரியுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு படம் காட்டும் சிறார் திரைப்பட விழா 2022-இல் தொடங்கியது. தொடக்கத்தில் காட்டிய படங்களில் சார்லி சாப்ளினின் 'தி கிட்' ஒன்று. 1921-இல் வந்த ஊமைப் படம். "பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் சினிமா வேறா சார்?" என்று அப்போது தெரிந்த பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேல் திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சினிமா நல்ல வாத்தியார்தான். ஆனால் கேள்வி கேட்கத் தெரியாத வாத்தியார்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். பி.ஆர்.பந்துலு இயக்கி 1959-இல் வந்தது. அடுத்த ஆண்டு கெய்ரோ பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகர் விருது பெற்றார். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்த தலைமுறை நாங்கள். பின்னாளில் என் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பையன்கூட அந்தப் படத்தின் வசனத்தை மூச்சு விடாமல் சொல்வான். பாளையக்காரர் பாடத்தை நடத்தும் முன்பே பிள்ளைகள் மனதில் பாஞ்சாலங்குறிச்சி இருந்தது. இதை எந்தக் கரும்பலகையும் செய்திருக்காது.

"கட்டபொம்மனைத் தூக்கில் போட உத்தரவிட்டது யார்?" என்று கேட்டால் மட்டும் பாதி வகுப்பு "ஜாக்சன் துரை" என்று கத்தும். அது இல்லை. ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது 1798 செப்டம்பரில். அங்கே நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். கட்டபொம்மன் தப்பினார். பிறகு கம்பெனியே விசாரணைக் குழு வைத்தது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றாகி, ஜாக்சன் பதவி இழந்தார். அடுத்து வந்த கலெக்டர் லூஷிங்டன். படை நடத்தி வந்து, 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட உத்தரவிட்டவர் மேஜர் பானர்மேன். கெட்டவன் ஒருத்தன் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஜாக்சன் போனான், கம்பெனி போகவில்லை. இந்த இடத்தைத்தான் ஆசிரியர் விளக்க வேண்டும்.

இன்னொன்று என் மனதை உறுத்துவது. தூத்துக்குடிப் பக்கத்துக் கட்டபொம்மனை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, பழனி ரோட்டில் ஒட்டன்சத்திரம் தாண்டி இருக்கும் விருப்பாட்சியைத் தெரியவில்லை. 1772-இல் கணவரை இழந்த வேலுநாச்சியார் எட்டு ஆண்டுகள் தங்கியிருந்தது அங்கேதான். அடைக்கலம் கொடுத்தவர் பாளையக்காரர் கோபால் நாயக்கர். ராணிக்கு உதவும்படி நம் திண்டுக்கல் கோட்டைத் தளபதிக்கு ஹைதர் அலி உத்தரவு போட்டார். பிறகு மணப்பாறை லட்சுமி நாயக்கரையும் தேவதானப்பட்டி பூஜை நாயக்கரையும் சேர்த்துக்கொண்டு, திண்டுக்கல் கூட்டமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் அணியைக் கோபால் நாயக்கர் உருவாக்கினார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையோடும் கைகோத்தார். 1801-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தார்.

பாடப்புத்தகத்தில் அவருக்குச் சில வரிகள் உண்டு. விருப்பாட்சியில் மணிமண்டபமும் உண்டு. ஆனால் கட்டபொம்மனுக்குக் கிடைத்த மாதிரி ஒரு படம் அவருக்குக் கிடைக்கவில்லை. படம் வந்தவர் நெஞ்சில் நிற்கிறார், வராதவர் பரீட்சையோடு மறந்துபோகிறார். சினிமாவின் பலம் எவ்வளவு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதனால் பிள்ளைகளுக்குப் படம் காட்ட வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். தாராளமாகக் காட்டுங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இதில் எது நடந்தது? எது கதைக்காகச் சேர்த்தது? யாரை விட்டுவிட்டார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளையை ஒரு சனிக்கிழமை மலைக்கோட்டைக்கோ விருப்பாட்சிக்கோ கூட்டிப் போங்கள். நாளைக்குக் கோபால் நாயக்கர் படத்தை எடுக்கப் போவதே அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகள் தங்கள் பள்ளி அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.