அச்சகத்தில் பிறந்த டக்ட், மச்சுக்குள் ஒளிந்த கதை

இன்னைக்கு சப்ஜெக்ட், உங்க வீட்டு ஃபால்ஸ் சீலிங். சரியாச் சொல்லணும்னா, அதுக்கு மேல என்ன மறைஞ்சிருக்கு, அதை மறைக்கணும்னு யாருக்குத் தோணுச்சுங்கிற கதை.

1902. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில சாக்கெட் வில்ஹெல்ம்ஸ்னு ஒரு லித்தோ அச்சகம். அப்போ கலர் பிரிண்டிங்னா ஒரே தாள் நாலு தடவை மெஷினுக்குள்ள போயிட்டு வரணும், தடவைக்கு ஒரு கலர். வெயில் காலத்துல காத்துல ஈரம் ஏறினா தாள் உப்பும். முதல் கலர் அடிச்சப்போ இருந்த அளவு மூணாவது கலருக்கு இருக்காது. உதட்டுச் சிவப்பு கன்னத்துல போய் உக்காரும்.

இதைச் சரிபண்ணித் தரச் சொல்லி பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனிகிட்ட கேட்டாங்க. வேலை வந்து சேர்ந்தது 25 வயசு வில்லிஸ் கேரியர்கிட்ட. முந்தின வருஷம்தான் காலேஜ் முடிச்சவர். குளிர்ந்த குழாய்ச் சுருள் மேல காத்தை ஓட்டி, அதுல இருக்கிற ஈரத்தைத் தண்ணியா இறக்கி, அறையின் ஈரப்பதத்தை 55 சதவீதத்துல நிறுத்துறதுதான் அவரோட டிசைன். நாம இன்னைக்கு ஏசின்னு சொல்றது அங்கிருந்துதான் வருது. மனுஷனுக்கு வேர்க்குதேன்னு யாரும் ஆரம்பிக்கலை. தாளுக்காக ஆரம்பிச்சது.

இப்போ நம்ம பக்கம் வாங்க. 1922ல சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனாங்க. தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு ஊர் திரும்பினாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு லித்தோ வேணும். அச்சகங்கள் அப்படித்தான் ஊருக்குள்ள வந்துச்சு. புரூக்ளின்காரர் மெஷின் வச்சு வரவழைச்ச வறண்ட காத்து, கரிசக்காட்டுல வருஷத்தில் பெரும்பாலான நாள் சும்மாவே வீசும். மழை பொய்த்த ஊருக்கு அது ஒண்ணுதான் லாபம். எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடிக்கும்.

சரி, டக்ட். குளிர்ந்த காத்தை ஒரு இடத்துல தயார் பண்ணி இன்னொரு இடத்துக்கு அனுப்பணும்னா தகரக் குழாய் வேணும். அது ஏன் இவ்வளவு குண்டா இருக்கு? ஒரே கன அளவு தண்ணி, காத்தைவிட கிட்டத்தட்ட 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். காத்து சோம்பேறிச் சுமைகூலி. நிறைய அனுப்பினாத்தான் வேலை நடக்கும். அதனால தண்ணிக் குழாயைச் சுவருக்குள்ள புதைச்சிடலாம், டக்டைப் புதைக்க முடியாது. 1925ல நியூயார்க் ரிவோலி தியேட்டருக்கு ஏசி வந்துச்சு, அப்புறம் ஆபீஸ் கட்டடங்களுக்கு. டக்ட் போற இடமெல்லாம் அதை மறைக்க ஒரு பொய்க்கூரையும் கூடவே போச்சு.

கட்டடக் கலைஞர்கள் இதுல ரெண்டு கட்சி ஆனாங்க. அகமதாபாத் ஐஐஎம்-ஐ வடிவமைச்ச லூயி கான், குழாயும் டக்டும் தனக்குச் சுத்தமாப் பிடிக்காதுன்னு வெளிப்படையாவே சொன்னவர். பிடிக்காததாலேயே அதுக்குன்னு தனி இடம் ஒதுக்கினார். இல்லேன்னா அது கட்டடத்தையே தின்னுடும்னு பயம். கலிஃபோர்னியாவில் அவர் கட்டின சால்க் இன்ஸ்டிட்யூட்ல, ஆய்வுக்கூடத் தளங்களுக்கு நடுவுல குழாய்க்காகவே ஆள் நின்னு நடமாடுற உயரத்துல தளங்கள் உண்டு. நேர் எதிர்க்கட்சி, 1977ல பாரீஸ்ல திறந்த பொம்பிடு சென்டர். எல்லாக் குழாயையும் கட்டடத்துக்கு வெளியே மாட்டி, காத்துக்கு நீலம், தண்ணிக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள்னு பெயின்ட் அடிச்சுட்டாங்க. இன்னைக்கு காபி ஷாப்ல டக்டைத் தொங்கவிட்டு 'இண்டஸ்ட்ரியல் லுக்'னு பில் போடுறது இதோட பேரப்பிள்ளை.

ஆனா இந்தச் சண்டை அழகு பத்தினது மட்டும் இல்லை. 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். தரைத்தளத்துல டிரான்ஸ்ஃபார்மர்ல பிடிச்ச தீயின் புகை, மாடிப்படி வழியாவும் ஏசி டக்ட் வழியாவும் அரங்குக்குள்ள நுழைஞ்சது. 59 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் மூச்சுத்திணறி. குளிர்காத்து வந்த அதே வழி. டக்டுக்குள்ள சூடு ஏறினா தானா மூடிக்கிற ஃபயர் டேம்பர்ங்கிற தகடு எதுக்குன்னு அப்போதான் பலருக்குப் புரிஞ்சது.

வெம்பக்கோட்டையில, 2022ல அகழாய்வு தொடங்கின விஜயகரிசல்குளம் பக்கம், என் சித்தப்பா வீடு கட்டிக்கிட்டிருக்கார். பத்தடி உயரச் சீலிங். ஹாலுக்கு ஒரு டக்ட் ஏசி, கிச்சன்ல சிம்னி. சித்திக்கு ஒரு குழாயும் கண்ணுல படக்கூடாது: "தொறந்து கெடந்தா மேல ஏறி யாருப்பா தூசி தொடைக்கிறது?" நியாயமான கேள்வி. சித்தப்பா முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் இருந்தவர். அங்க வேலை அறைன்னா ஒரு ஒளிவு மறைவும் கிடையாது. ஒரு அறையில நாலு பேருக்கு மேல கூடாது, எந்தப் பக்கமும் ஓட வாசல் வேணும். கூரைக்குக் கீழே இன்னொரு கூரைன்னாலே அவருக்குத் தூசி சேர்ற இடம்னுதான் தோணும். அந்த ஊர்ல தூசின்னா சும்மா தூசி இல்லை. "மூடுறதுன்னா மூடு. ஆனா தொறக்க வழி வையி"ன்னார்.

ரெண்டு பேர் சொன்னதும் சேர்ந்துதான் பிளான் ஆச்சு. மொத்த ஹாலையும் இறக்கலை. டக்ட் போற ஓரத்துல மட்டும் இரும்பு சேனல் கட்டி ஜிப்சம் போர்டு பாக்ஸ், மிச்சம் முழு உயரம். ஜிப்சத்தோட எடையில ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல, படிகத்துக்குள்ள கட்டுண்ட தண்ணி. தீ பட்டா முதல்ல அந்தத் தண்ணி ஆவியாகணும், அதுவரைக்கும் பின்னாடி சூடு அவ்வளவா ஏறாது. போர்டை அடிக்கிறதுக்கு முன்னாடி டக்ட் ஜாயின்ட் எல்லாத்துக்கும் அலுமினியம் டேப், மேல இன்சுலேஷன். ஐப்பசி மழையில ஈரம் ஏறும்போது குளிர்ந்த தகரம் வேர்க்கும், போர்டுல மஞ்சள் கறை விழும். ஃபேன் இருக்கிற இடத்துக்கும் வடிகுழாய்க்கும் நேர் கீழே ஆள் தலையும் தோளும் நுழையுற டிராப் டோர்.

சிம்னிக் குழாயைத்தான் சித்தப்பா பாக்ஸுக்குள்ள விடவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு படியுற குழாய், அதுல தீ ஏறினா உள்ளேயே ஓடும். அடுப்புக்கு மேல நேரா ஒன்றரை அடி, வளைவே இல்லாம சுவரைத் தாண்டி வெளியே போகுது. கண்ணுக்கு நல்லாத் தெரியுது. சித்தி அதுக்கு நீலப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்காங்க. பொம்பிடு சென்டர் பத்தி நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தையும் பேசலை.