குடற்சுவரை அறிந்த வரலாறு: பாலாற்றின் இரு முனைகளிலிருந்து

பாலாறு வேலூரைக் கடந்து, செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓடி, மாமல்லபுரத்துக்கும் கீழே வாயலூர் அருகில் கடலில் சேர்கிறது. ஆற்றின் மேல்முனையில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த குடல் ஆய்வுகள் கீழ்முனையில் வாழ்பவர்களின் வயிற்றுக்கும் பொருந்துபவை. நம் ஊர்களில் குடற்சுவர் நலிவதற்குத் தனிமனிதரின் உணவுத்தட்டைவிட அவர் வாழும் சூழலே பெரிய காரணம் என்பதை அந்த ஆய்வு வரலாறு காட்டுகிறது. குடற்சுவர் தளர்ந்து கசிவதை இன்று 'ஒழுகும் குடல்' என்று பேசுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சிறுகுடலின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தான். அவை மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து புதிதாகின்றன. மேலே சளிப்படலம், அதில் கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள், அடியில் நோய் எதிர்ப்புச் செல்கள். அடுத்தடுத்த செல்களுக்கு இடையிலான இடுக்கை ஏதோ ஒரு பசை அடைத்திருக்கிறது என்றே நீண்டகாலம் நம்பினார்கள். 1963இல் ஃபார்க்கரும் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அங்கே ஒழுங்கான 'இறுக்க இணைப்பு' இருப்பதைக் காட்டினர். அந்த இணைப்பின் முக்கியப் புரதங்களான கிளாடின்களை ஜப்பானின் சுகிதா குழு 1998இல் அடையாளம் கண்டது. எந்த அயனியை விடுவது, எதைத் தடுப்பது என்பதைத் தீர்மானிப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே ஆரோக்கியமான குடலும் முழுக்க அடைபட்டதல்ல. அளந்து கசிவதே அதன் இயல்பு.

காலரா குடற்சுவரை உரித்துவிடுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருத்து. பிணப் பரிசோதனையில் அப்படித்தான் தெரிந்தது. இறந்த சிறிது நேரத்திலேயே குடற்சவ்வு தானாகச் சிதையும் என்பதை அன்றைய மருத்துவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1959இல் கொல்கத்தாவின் சம்புநாத் தே, காலராக் கிருமியின் நச்சு குடலில் நீரைச் சுரக்கவைப்பதை முயல்களில் காட்டினார். மறுவருடம், பாங்காக் நோயாளிகளின் குடல்திசுவை ஆராய்ந்த கங்கரோசா குழு செல்லடுக்கு சிதையாமல் இருப்பதை உறுதிசெய்தது. சுவர் நிற்பதால்தான் சர்க்கரையோடு உப்பும் நீரும் உள்ளே போகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓஆர்எஸ் பொட்டலம் வேலை செய்வதும் அதனால்தான்.

உயிருள்ளவரின் குடல்திசுவை எடுப்பதைச் சாத்தியமாக்கியவற்றுள் 1957இல் வந்த கிராஸ்பி கேப்ஸ்யூலுக்குத் தனி இடம் உண்டு. மெல்லிய குழாயோடு இணைந்த உலோகக் கூட்டை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து, வெளியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள். சவ்வின் துணுக்கு கூட்டின் துளைக்குள் இழுபடும். உள்ளிருக்கும் கத்தி சுழன்று அதை வெட்டிக்கொள்ளும்.

வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் இத்தகைய திசு ஆய்வில் இறங்கியதற்குக் காரணம் ஸ்ப்ரூ. ஓயாத பேதி, கொழுப்பு செரியாமை, ஃபோலிக் அமிலமும் பி12உம் உறிஞ்சப்படாததால் வரும் சோகை, எலும்பும் தோலுமான உடல். 1960களின் தொடக்கத்தில் அது வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோயாகவே பரவியது. ஒப்பிடுவதற்காக நோயில்லாதவர்களின் குடலையும் பார்த்தபோதுதான் சிக்கல் எழுந்தது. குடற்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்நீட்சிகளே குடலுறிஞ்சிகள். மேலை நாட்டுப் பாடநூல் சொல்லும் விரல் வடிவ உறிஞ்சிகள் இங்கே அரிது. இலை போலவும் வரப்பு போலவும் தட்டையாக இருந்தன. எனில் ஊரே நோயாளியா?

பிறவிக்கூறு என்று முடித்திருக்கலாம். ஆனால் 1969இல் வெளியான வேலூர்ப் பிணப் பரிசோதனை ஆய்வில் சிசுக்களின் குடலுறிஞ்சிகள் விரல் வடிவிலேயே இருந்தன. மாற்றம் பிறந்த பிறகு வருவது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் தங்கிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் இதுபோல் மாறி, ஊர் திரும்பியபின் தேறியதை லிண்டன்பாம் குழு பதிவுசெய்தது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர் குடலும் தேறியது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே: குற்றம் இனத்தின் மேலிருந்து இடத்தின் மேல் மாறியது.

இடத்தில் எது? மலக்கிருமி கலந்த நீரும் மண்ணும் என்பதே வலுவான விடை. இப்படி நலிந்த குடற்சுவரின் கசிவை அளக்க லாக்டுலோஸ், மானிடால் என்ற இரு சர்க்கரைகளைக் குடிக்கவைத்துச் சில மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பார்கள். சிறிய மூலக்கூறான மானிடால் எளிதில் உறிஞ்சப்படும். பெரிய லாக்டுலோஸ் இடுக்கு தளர்ந்திருந்தால் அதிகம் நுழையும். காம்பியாவில் 1991இல், கசிவு கூடிய குழந்தைகளின் வளர்ச்சி குன்றியதை லன் குழு காட்டியது. வேலூரும் இடம்பெற்ற எட்டு நாட்டு 'மால்-எட்' ஆய்வில், பேதியே இல்லாமல் குடலில் தங்கும் ஷிகெல்லா போன்ற கிருமிகளுக்கும் குட்டை வளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது.

தடுப்பூசி வரலாறும் இங்கே குறுக்கிடுகிறது. வாய்வழி போலியோ மருந்து வேலூர்க் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்று டி. ஜேக்கப் ஜான் 1972இலேயே எழுதினார். உள்நாட்டு ரோட்டா வைரஸ் தடுப்புமருந்தின் செயல்திறன் முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம். குடலின் நிலை இந்தக் குறைவான பலனுக்குக் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். முடிவான நிரூபணம் இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பிசிஜி சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராக அந்தத் தடுப்பூசி பலிக்கவில்லை. அது தோலில் போடுவது, குடலோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. ஆனால் ஓர் ஊரில் அளந்த பலனை இன்னோர் ஊருக்கு அப்படியே எடுத்துவரக்கூடாது என்பதை இரண்டுமே காட்டின.

கழிப்பறை கட்டினால் போதுமா? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளின் முடிவுகள் 2018, 2019இல் வந்தன. வீட்டளவில் கழிப்பறை, கைகழுவுதல், நீர்ச் சுத்திகரிப்பு மட்டும் குழந்தைகளின் வளர்ச்சியைக் கூட்டவில்லை. சுகாதாரம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. தெருவும் கிணறும் கால்வாயும் அசுத்தமாக இருக்க, ஒரு வீடு மட்டும் தப்பமுடியாது. உள்ளாட்சியின் வேலையைத் தாயின் தலையில் கட்டும் திட்டங்கள் இதைப் படிக்கவேண்டும்.

கடைசியாக வாசகருக்கு ஒன்று. செல்களின் இடுக்கைத் தளர்த்தும் புரதமான 'சோனுலின்' அளவு பார்த்து ஒழுகும் குடலைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். சந்தையில் பரவலாக இருந்த சோதனைப் பெட்டிகள் சோனுலினை அளப்பதே இல்லை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பேதி வாரக்கணக்கில் நீடித்தாலோ, குழந்தையின் எடை ஏறாவிட்டாலோ, போகவேண்டிய இடம் அரசு மருத்துவமனை.